வாசகர் கேள்வி–பதில்: ரசனையும் ரோஷமும்

கேள்வி: பலரும் முணுமுணுக்கும் ஒரு பாப் பாடலைப் பாராட்டி இணையத்தில் எழுதினேன். "இதைக் கேட்பவர்களுக்கு இசையைப் பற்றிப் பேச என்ன தகுதி இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டார், பலர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். ரசனையில் இத்தனை மேட்டிமை எதற்காக?

பதில்: உங்களிடம் கேட்கப்பட்டதில் பாட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதை முதலில் கவனியுங்கள். மெட்டு சலிப்பூட்டுகிறது என்றோ, தாளம் எங்கோ கேட்டதுபோல் இருக்கிறது என்றோ அவர் சொல்லியிருந்தால், நீங்கள் பாட்டைத் திரும்பக் கேட்டுப் பார்த்து உடன்படவோ மறுக்கவோ முடியும். அவர் எடைபோட்டது உங்களை. ரசனை என்பது ஒருவர் தம் சமூக நிலையைப் பிறருக்குக் காட்டும் வழியாகவும் இருக்கிறது என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு 1979-இல் விரிவாக எழுதினார். ஒரு காலத்தில் அரிய இசைத்தட்டு ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்திருப்பதே பெருமையாக இருந்தது. இன்று கைபேசி வைத்திருக்கும் எவரும் ஏறக்குறைய எதையும் கேட்டுவிடலாம் என்பதால், 'நான் கேட்டிருக்கிறேன்' என்பதில் இருந்த பெருமை கரைந்து, 'நான் இதையெல்லாம் கேட்க மாட்டேன்' என்பதில் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது என்றே நினைக்கிறேன்.

தொழில்முறை விமர்சகர்களும் இதற்கு விலக்கல்ல. 1990-களின் நடுவில் தொடங்கிய பிட்ச்ஃபோர்க் என்னும் அமெரிக்க இணைய இதழ், ஆல்பங்களுக்கு 0.0 முதல் 10.0 வரை தசமப் புள்ளியோடு மதிப்பெண் போடும். 1990-களில் விமர்சகர்களின் அபிமானத்தைப் பெற்ற சுயாதீனப் பாடகி லிஸ் ஃபேர், 2003-இல் வானொலிக்கு ஏற்ற பளபளப்பான பாப் ஒலியோடு, தம் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஆல்பத்தை வெளியிட்டபோது, அந்த இதழ் அதற்கு 0.0 கொடுத்தது. 2021-இல் தன் பழைய மதிப்பெண்கள் சிலவற்றை அதே இதழ் மறுபரிசீலனை செய்தபோது அது 6.0 ஆனது. இடைப்பட்ட காலத்தில் அந்த ஆல்பத்தில் ஒரு சுரம்கூட மாறவில்லை. சுயாதீனக் கலைஞர் ஒருவர் வெகுஜன இசையின் பக்கம் போவதைத் துரோகமாகக் கண்ட பார்வைதான் மாறியிருந்தது. அந்தப் பூஜ்ஜியத்தில் பெரும்பகுதி பாடகி எடுத்த முடிவுக்குப் போட்டது என்பது என் கணிப்பு. ஆனால், மதிப்பெண்ணைத் திருத்தியதற்காக அந்த இதழை நான் பாராட்டவே செய்வேன். தம் தீர்ப்பைத் திரும்ப எடுத்துப் பார்க்கும் விமர்சகர்கள் மிகக் குறைவு.

கேள்வி: என் அபிமானப் பாடகரின் புதிய ஆல்பம் ஏமாற்றமளிக்கிறது என்று எழுதியதும் ரசிகர்கள் வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். "உன்னால் ஒரு பாட்டுப் போட முடியுமா?" என்கிறார்கள். இதற்கு என்ன சொல்வது?

பதில்: முடியாது என்று சொல்லிவிட்டு, கண்ட குறையை மறுபடியும் சொல்லுங்கள். 2019-இல் பாடகி லிஸ்ஸோவும், தாங்கள் இசை உருவாக்காமல் ஆல்பங்களை விமர்சிப்பவர்களுக்கு வேலையே இருக்கக் கூடாது என்ற பொருளில் ட்விட்டரில் எழுதினார். நெடுநாள் உழைப்பை ஒருவர் சில பத்திகளில் அலசித் தள்ளும்போது கலைஞருக்கு ஏற்படும் வலி நியாயமானது. அந்த வாதம் நியாயமானதல்ல. அந்த அளவுகோலை வைத்தால், இசை உருவாக்கத் தெரியாத லட்சக்கணக்கானோர் தரும் பாராட்டையும் ஏற்க முடியாமல் போகும்.

ரசிகரின் கோபம் வேறு வகை. வாழ்க்கையின் கடினமான ஒரு காலத்தை அந்தக் குரலைப் பற்றிக்கொண்டு கடந்தவருக்கு, அதன்மீது விழும் அடி தம்மீது விழுந்ததாகவே படும். அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அது எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள்: 2024 ஏப்ரலில் டெய்லர் ஸ்விஃப்டின் புதிய ஆல்பத்தைக் கடுமையாக விமர்சித்த பேஸ்ட் இதழ், 2019-இல் அவருடைய வேறோர் ஆல்பத்தை விமர்சித்தவருக்கு வன்முறை மிரட்டல்கள் வந்ததைக் காரணம் காட்டி, எழுதியவரின் பெயரையே வெளியிடவில்லை.

ரசிகர்களே தேர்ந்த விமர்சகர்களாக நடந்துகொண்டதும் உண்டு. 2008-இல் மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னெடிக்' வெளிவந்தபோது, மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி அளவுக்கு மீறி நெருக்கப்பட்டு, உரத்த இடங்களில் ஒலி கரகரப்பதை முதலில் சொன்னவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' என்னும் வீடியோ விளையாட்டில் அத்தனை நெருக்கல் இல்லாமல் கிடைத்ததால், இரண்டின் அலைவடிவங்களையும் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வரைபடங்களை) அருகருகே வைத்துக் காட்டினார்கள். விளையாட்டில் வந்த வடிவத்தில் டிரம் அடிகள் தனித்தனிக் கூர்முனைகளாக எழுந்து நின்றன. ஆல்பத்திலோ அந்த முனைகள் மழுங்கி, எல்லாம் ஒரே தடித்த பட்டையாகத் தெரிந்தது. ஒலிக்கலவையைச் சரிசெய்து வெளியிடக் கோரிய மனுவில் 10,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். இத்தகைய குறையைப் பொறாமை என்றோ அறியாமை என்றோ சொல்லி ஒதுக்குவது கடினம். சந்தேகப்படுபவர் இரண்டையும் போட்டுக் கேட்டால் போதும்.

கேள்வி: ஒரு பாடல் எனக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் பாடலின் குறையா, என் முன்முடிவா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: குறை இருக்கும் இடத்தைச் சுட்ட முடிகிறதா என்று பாருங்கள். "குரலில் உயிரில்லை" என்று மட்டும் எழுதத் தோன்றினால், பேனாவை வைத்துவிட்டு மறுபடியும் கேளுங்கள். "இரண்டாம் சரணத்தில் வாத்தியங்கள் ஒதுங்கிக் குரல் தனித்து நிற்கும் இடத்தில்கூட, மூச்சொலியை முழுவதுமாகத் துடைத்துவிட்டிருப்பதால், பிரிவைப் பற்றிய அந்த வரி மனத்தைத் தொடவில்லை" என்று எழுத வந்தால், தயங்காமல் வெளியிடுங்கள். பலமுறை கேட்டும் அப்படி ஓர் இடம் அகப்படவில்லை என்றால், அந்தப் பாடல் உங்களுக்கு ஒட்டவில்லை என்று மட்டும் எழுதி, எந்த வகை இசையைக் கேட்டுப் பழகியவர் நீங்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்; வாசிப்பவர் அதற்கேற்பக் கூட்டிக் கழித்துக்கொள்வார்.