கப்பல் ஏறிய ஊரும் பிறந்த ஊரும்

கேள்வி: மெல்பர்னில் படிக்கப் போன என் மகன், அங்கே பிறந்து வளர்ந்த இத்தாலியக் குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூர் திரும்பினான். பேரனுக்கு மூன்று வயது. அவனுக்காக ஒரு வம்சாவளி எழுதி வைக்க ஆசை. எங்கள் பக்கம் ஐந்து தலைமுறை எழுதிவிட்டேன். மருமகள் பக்கம் வெறும் கட்டங்கள்தான். அவளுடைய தாத்தா 1950களில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் வந்தாராம். "கலாப்ரியா, நேப்பிள்ஸ்" என்பதற்கு மேல் சம்பந்தி வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எங்கே தொடங்குவது? பேரனுக்கு இத்தாலியப் பாஸ்போர்ட் கிடைக்குமா?
- ஈசூன் வாசகி ஒருவர்

பதில்: முதலில் நேப்பிள்ஸை ஒதுக்கி வையுங்கள். கலாப்ரியா என்பது இத்தாலியின் தென்கோடி மாநிலம். நேப்பிள்ஸ் அதிலேயே இல்லை, வடக்கே இருக்கும் துறைமுகம். தெற்கு இத்தாலிக்காரர்கள் லட்சக்கணக்கில் கப்பல் ஏறிய இடம். என் தாத்தாவும் கடைசிவரை தன்னை நாகப்பட்டினத்துக்காரர் என்றே சொல்லிக்கொண்டார். ராஜூலா கப்பல் ஏறியது அங்கே, அவ்வளவுதான். பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்னக் கிராமம் என்பது, அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியில் கிடைத்த பழைய கடித உறையைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. நீங்கள் தேட வேண்டியதும் அந்த உறையைத்தான்.

ஊர் பெயர் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், இத்தாலியில் பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாமே அந்தந்த 'கொமூனே'யில், அதாவது ஊர் நிர்வாகத்தில்தான் பதிவாகின்றன. பழைய பதிவுகளை நாடு முழுவதற்கும் சேர்த்து ஒரே இடத்தில் பார்க்க முடியாது. கலாப்ரியா என்று மட்டும் சொல்வது, தமிழ்நாடு என்று மட்டும் சொல்லி ஆளைத் தேடுகிற மாதிரி.

அந்த ஊரை இத்தாலியில் தேடாதீர்கள், ஆஸ்திரேலியாவில் தேடுங்கள். அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் குடியேற்ற, குடியுரிமைக் கோப்புகளைப் பெயர் போட்டு இலவசமாகத் தேடலாம். அப்புறம், தாத்தா கோயிலில் கல்யாணம் செய்தவரா? ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலில் என் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கும் முன்பே, அதாவது கோயிலில் கல்யாண அறிவிப்பு செய்யும் முன்பே, ஞானஸ்நானச் சான்றிதழைக் கொண்டு வா என்றார் சாமியார். கத்தோலிக்கக் கோயில் எங்கும் இதே வழக்கம்தான். மெல்பர்ன் பங்குக் கோயிலின் திருமணக் கோப்பில் அவருடைய சொந்த ஊர்ச் சான்றிதழ் இருந்தாலும் இருக்கும்.

ஊர் கிடைத்துவிட்டது, ஆனால் வரைபடத்தில் இல்லையா? பயப்பட வேண்டாம். இன்றைய வீபோ வலென்சியா 1928 வரை மோன்தெலியோனே. அதைத் தலைநகராகக் கொண்ட மாகாணமே 1992இல்தான் கத்தன்சாரோவிலிருந்து பிரிந்தது. பழைய பதிவுகளைப் பழைய மாகாணத்தின் கீழ்தான் தேட வேண்டும்.

அப்புறம் 'அன்தெனாத்தி' தளத்துக்குப் போங்கள். முன்னோர்கள் என்று பொருள். இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்களின் பதிவேடுகளைப் படமெடுத்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். எல்லா ஊரும் ஏறிவிடவில்லை. கலாப்ரியாவில் அரசுப் பதிவு பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் 1809இல் தொடங்கியது, அதற்கு முன்னால் கோயில் பதிவேடுதான். தாத்தாவின் பிறப்புப் பதிவு இணையத்துக்கு வராத அளவு புதியதாக இருக்கலாம். அதற்கு கொமூனேவுக்கு இத்தாலிய மொழியில் எழுதி, பெற்றோர் பெயரோடு பிறப்புச் சான்று கேளுங்கள். பெற்றோர் பெயர் இல்லாத சான்று உங்களுக்கு உதவாது.

பெயர் விஷயத்தில்தான் நான் மண்ணைக் கவ்வினேன். என்னோடு நூலகத்தில் வேலை பார்த்த தோழியின் கணவர் இத்தாலிக்காரர். அவருக்காகத் தேடியபோது தவறான ஒரு டொமெனிக்கோவின் பின்னால் இரண்டு வாரம் அலைந்தேன். அங்கேயும் நம்மைப் போலவே தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர். பேரன் என்ற சொல்லே பெயரனிலிருந்து வந்ததுதானே! ஆக, நாலு அண்ணன் தம்பிகளின் மூத்த பிள்ளைகள் நாலு பேரும் டொமெனிக்கோ, குடும்பப் பெயரும் ஒன்றே. பிரித்துக் காட்டுவது, நம் இனிஷியல் போல, அப்பா பெயர்தான். அதற்கு முன்னால் 'டி' இருந்தால் இன்னாரின் பிள்ளை, 'ஃபு' இருந்தால் அந்த அப்பா அப்போது உயிரோடு இல்லை. இரண்டே எழுத்தில் ஒரு சாவுச் செய்தி! பதிவேட்டில் பெண்கள் கடைசிவரை பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பார்கள், பாட்டிகளைத் தேட அது பெரிய உதவி.

இன்னொன்று. மாதத்தை '7பிரே' என்று சுருக்கியிருந்தால் நான் எழுதியது போல ஜூலை என்று எழுதிவிடாதீர்கள். செத்தே என்றால் ஏழு, அது செத்தெம்பிரே, நம் செப்டம்பர்.

பாஸ்போர்ட்? 2025இல் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். வம்சாவளியைக் காட்டிக் குடியுரிமை கேட்பதைப் பெற்றோர், தாத்தா பாட்டி என்ற அளவோடு நிறுத்திவிட்டார்கள். மருமகளின் தாத்தா உங்கள் பேரனுக்குக் கொள்ளுத்தாத்தா. தவிர, சிங்கப்பூரும் பெரியவர்களுக்கு இரட்டைக் குடியுரிமை தருவதில்லை.

மருமகளின் பாட்டி இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், ஊர் பெயரைக் கேட்காதீர்கள், நேப்பிள்ஸ் என்றே சொல்லிவிடுவார். ஊர்த் திருவிழா எந்தப் புனிதருக்கு, எந்த மாதம் என்று கேளுங்கள். ஒவ்வொரு கொமூனேவுக்கும் ஒரு காவல் புனிதர் உண்டு. மெல்பர்ன் நமக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் ஓடுகிறது, இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே கூப்பிட்டுவிடுங்கள்.