சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் எப்படி உருவாகின்றன? இரண்டும் பழுப்பாக இருந்தால் எப்படி அடையாளம் காண்பது?

கேட்டவர் தேர்வுக்குப் படிக்கும் மாணவராக இருப்பார் என எண்ணுகிறேன். நான் அரியலூர்க்காரன், என் தந்தை சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அதனால் இந்தக் கேள்வியைக் கடந்து போக மனம் வரவில்லை.

முதலில் நிறத்தை விட்டுவிடுங்கள். "சுண்ணாம்புக்கல் பழுப்பாகவும் இருக்கும்" என்று எழுதிய என் மகளுக்குப் பள்ளித் தேர்வில் மதிப்பெண் மறுக்கப்பட்டது. வழிகாட்டி நூலில் 'வெள்ளை' என்று இருந்ததாம். எங்கள் ஊரிலிருந்து சிமெண்ட் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகும் கல்லில் பெரும்பகுதி மஞ்சள் கலந்த பழுப்பு. இரும்பு ஆக்சைடு சேர்ந்தால் எந்தக் கல்லும் அப்படித்தான் ஆகும்.

கல்லின் பொருள் எங்கிருந்து வந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. சுண்ணாம்புக்கல்லின் பொருள் பெரும்பாலும் அது படிந்த கடலிலேயே உண்டானது. எங்கள் ஊருக்கு அருகே உள்ள கல்லங்குறிச்சிப் பக்கம் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத கடல் இருந்தது. அதில் வாழ்ந்த சிப்பிகள் நீரில் கரைந்திருந்த கால்சியத்தைக் கொண்டு ஓடு கட்டிக்கொண்டன, மடிந்தபின் அந்த ஓடுகளே குவிந்து, இறுகி, பாறையாயின. சுரங்கச் சுவரில் கிரிஃபியா என்னும் சிப்பியின் தடித்த, வளைந்த ஓடுகளை அடுக்கடுக்காகப் பார்க்கலாம்; ஓட்டின் வளர்ச்சி வரிகளை விரல் நுனியால் தடவி உணரலாம். வேதிவினையால் நேரடியாகப் படியும் சுண்ணாம்புக்கல்லும் உண்டே என்று துறை அறிந்தவர்கள் கேட்கலாம். உண்டு, ஆனால் எங்கள் பகுதிக் கல்லின் கதை உயிர்களின் கதை. அந்தச் சிப்பிகள் யாரும் ஒருமுறை நின்று பாராமலே அரவைக்குப் போவது எனக்குத் தீராத மனக்குறை.

மணற்கல்லின் பொருள் வேறிடத்திலிருந்து வந்தது. உள்நாட்டுப் பாறைகள் சிதையும்போது ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் களிமண்ணாகிவிட, எளிதில் அழியாத குவார்ட்ஸ் என்னும் கனிமத்தின் மணிகளை ஆறுகள் அடித்துவந்து சேர்க்கின்றன. சிலிக்காவோ, சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமமான கால்சைட்டோ, இரும்பு ஆக்சைடோ அவற்றைப் பிணைக்கிறது. எங்கள் மாவட்டத்தின் கிழக்கே பரவியுள்ள கடலூர் மணற்கல் இத்தகையது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் அதே மணற்கல்லில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. வெள்ளம் மணலோடு மரத்தையும் கொண்டுவந்ததற்கு அவையே சான்று. மணிகளின் இடைவெளியில் நீர் தங்குவதால் இந்த மணற்கல் நல்ல நிலத்தடி நீர்த்தேக்கமும் ஆகும். நெய்வேலிச் சுரங்கத்தில் இடைவிடாமல் நீர் இறைக்க வேண்டியிருப்பதற்கு இதுவும் காரணம்.

இனி உங்கள் இரண்டு கற்கள். எஃகுக் கத்தியால் கீறினால் சுண்ணாம்புக்கல்லில் கோடு விழும், ஏனெனில் கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை தரப்படுத்தும் மோஸ் அளவில் கால்சைட்டின் கடினம் 3; குவார்ட்ஸின் கடினம் 7 என்பதால் மணற்கல்லில் மணிகள் பெயர்ந்து உதிரலாமே தவிர, மணியின் மேல் கீறல் விழாது. பிறகு ஆசிரியர் முன்னிலையில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். சுண்ணாம்புக்கல் நுரைத்துப் பொங்கும். கால்சைட்டால் பிணைந்த மணற்கல்லும் நுரைக்கும் என்பதால் அதோடு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். சிறு துண்டு ஒன்றை அமிலத்தில் போட்டு நுரை அடங்கும்வரை வைத்திருங்கள். மணற்கல்லானால் அடியில் மணல் நிறையத் தங்கும். நல்ல சுண்ணாம்புக்கல்லானால் சிறிது களிமண்ணைத் தவிர ஏறக்குறைய முழுவதும் கரைந்துவிடும்.