சாவி உங்கள் பையில் இருக்கும்வரை யாரும் சீக்கிரம் வரமாட்டார்கள்

ஒரு போதகர் கேட்டிருக்கிறார்: "நாற்பது, நாற்பத்தைந்து பேர் வரும் சபை. ஏழு வருடமாக நடத்துகிறேன், வார நாட்களில் வேலைக்கும் போகிறேன். கதவு திறப்பது முதல் கூட்டிப் பெருக்குவது வரை நானும் மனைவியும்தான், யாரும் பொறுப்பெடுக்க மாட்டேன் என்கிறார்கள். காணிக்கைக் கணக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு மூத்த சகோதரரிடம் இருக்கிறது, அவரை மீறி எதுவும் நடக்காது. போன வருடம் இரண்டு குடும்பங்கள் பெரிய சபைக்குப் போய்விட்டன. எங்கே தவறுகிறேன்?"

பாஸ்டர், மூன்று பிரச்சினை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒன்றரைதான் தெரிகிறது.

யாரும் பொறுப்பெடுப்பதில்லை என்கிறீர்களே, நீங்கள் இதுவரை பொறுப்பைக் கொடுத்தீர்களா, இல்லை உதவிக்குக் கூப்பிட்டீர்களா? "நாற்காலி போட ஒரு கை கொடு தம்பி" என்பது உதவி. தம்பி வராவிட்டாலும் நாற்காலி போட்டாகிவிடும், நீங்கள் இருக்கிறீர்களே. அது அவனுக்கும் தெரியும். அவன் வராவிட்டால் அன்றைக்கு எல்லோரும் நின்றுகொண்டிருப்பார்கள் என்றால்தான் அது பொறுப்பு.

இதை நான் எட்டு வருடம் தாமதமாகக் கற்றுக்கொண்டவன். ஒருவழியாக ஆராதனைக் கூடத்தின் சாவியை ஒரு வாலிபனிடம் கொடுத்தேன். இரண்டாவது ஞாயிறே தூங்கிவிட்டான். பதினொரு பேர் வாசலில் நிற்கிறோம், என் பையிலோ மாற்றுச் சாவி இருக்கிறது. கை தானாகப் பைக்குள் போனது, மனைவி பார்த்த பார்வையில் வெறுங்கையாக வெளியே எடுத்துக்கொண்டேன். இருபத்தைந்து நிமிடம் நின்றோம். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டபடி ஓடிவந்தான், முகத்தில் ரத்தமே இல்லை. "ஃபேனைப் போடு தம்பி" என்றேன், வேறு எதுவும் சொல்லவில்லை. அப்புறமும் ஒருமுறை தாமதமாக வந்தான், அதை மறைப்பானேன். ஆனால் கூரை ஒழுகுவதை எனக்கு முன்னால் கவனித்து ஏணியோடு வந்து நின்றவனும் அவன்தான். மாற்றுச் சாவியை அந்த வாரமே அவனிடம் கொடுத்துவிட்டேன்.

மோசே காலைமுதல் மாலைவரை உட்கார்ந்து வழக்குத் தீர்த்ததைப் பார்த்த மாமனார் எத்திரோ என்ன சொன்னார்? நீர் மட்டுமல்ல, உம்மோடு இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார் (யாத்திராகமம் 18). நம்மில் பலர் நம் களைப்பை மட்டும் எண்ணுகிறோம். ஒருவரே எல்லாம் செய்யும் சபையில் மற்றவர்கள் வெறுமனே உட்கார்ந்தே களைத்துப்போகிறார்கள். போன அந்த இரண்டு குடும்பங்களுக்கும் உங்கள் சபையில் செய்ய ஏதாவது வேலை இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இருந்தும் போனார்கள் என்றால் அது வேறு விஷயம்.

யாரிடம் கொடுப்பது? அப்போஸ்தலர் 6-ஐ இன்னொரு தடவை வாசியுங்கள். ஆதிச் சபையின் அன்றாடப் பந்தியில் தங்கள் விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள் என்று முறுமுறுத்தவர்கள் கிரேக்க மொழி பேசிய யூத விசுவாசிகள். அந்தப் பந்தியைக் கவனிக்கத் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் சபையிலும் மைக் சரியில்லை, பாட்டு நீளம், பிள்ளைகளைக் கவனிக்க ஆளில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கும் ஒருவர் இருப்பாரே, அவரிடமிருந்து ஆரம்பியுங்கள். ஒரு வேலை, ஒரு வருடம், அதோடு அவரே முடிவெடுக்கும் உரிமை. வருடம் முடிந்ததும் கௌரவமாக விலக வழி இருக்கட்டும். ஆயுள் முழுக்க என்றால் யார்தான் தலையைக் கொடுப்பார்கள்?

இப்போது கணக்கு விஷயம். அந்த மூத்தவரைச் சந்தேகிக்கிற தொனியில் எதையும் தொடங்காதீர்கள், சபைக் கூட்டத்தில் திடீரென்று எழுப்பவும் வேண்டாம். முதலில் அவர் வீட்டுக்குப் போங்கள், தனியாக. நீங்கள் வருவதற்கு முன்பே அந்தச் சபையைத் தாங்கிப் பிடித்தவராக இருக்கலாம், அந்தக் கதையைக் கேட்காமலே நம்மில் பலர் சீர்திருத்தத்துக்குக் கிளம்பிவிடுகிறோம். பிறகு பவுல் செய்ததைக் காட்டுங்கள். எருசலேம் விசுவாசிகளுக்கான காணிக்கையைத் தான் தனியே எடுத்துப் போகாமல், யாரும் குறை சொல்ல இடமில்லாதபடி மற்ற சகோதரர்களையும் உடன் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8). "அண்ணே, நாளைக்கு உங்கள் மேல் ஒரு சொல் வரக்கூடாது" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

நடைமுறை ஒன்றும் பெரிதல்ல. ஆராதனை முடிந்த உடனே, ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, தொகையைச் சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வரவு செலவு மாதம் ஒருமுறை ஒரே பக்கத்தில் எல்லோர் பார்வைக்கும் வரட்டும். நீங்கள் பணத்தைத் தொடவே வேண்டாம், உங்களுக்குக் கொடுப்பதும் அந்தப் பக்கத்தில் தெரியட்டும். இரண்டாவது ஆளைப் பழக்கித் தரும்படி அந்த மூத்தவரையே கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடாதீர்கள், அடுத்த மாதம் மறுபடி போங்கள். மூன்றாவது முறையும் மறுத்தால் மட்டும் மற்ற மூப்பர்களையோ நீங்கள் இருவரும் மதிக்கும் வேறு சபைப் போதகர் ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

போன குடும்பங்களை ஒருதடவை பார்த்துவிட்டு வாருங்கள். திரும்பி வரச் சொல்லி அல்ல, ஜெபித்துவிட்டு வர. மேடையிலிருந்து அவர்களைக் குத்த வேண்டாம். நாற்பது பேர் உள்ள இடத்தில் பெயர் சொல்லாமல் திட்டினாலும் பெயர் சொன்ன மாதிரிதான், உட்கார்ந்திருப்பவர்களும் நாளைக்கு நமக்கும் இதுதான் என்று மனதில் எழுதிக்கொள்வார்கள்.

ஒன்றை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்: வீடு சந்திப்பு. பெரிய சபைப் போதகரால் எல்லா வீட்டுக்கும் போக முடியாது, உங்களால் முடியும். உங்கள் சபையில் பன்னிரண்டு, பதினைந்து வீடுகள் இருக்கும். வாரம் ஒரு வீடு என்றாலும் நான்கு மாதத்துக்குள் ஒரு சுற்று வந்துவிடலாம். வேலை முடிந்து வருகிற உங்களுக்கு அதற்கு ஏது நேரம் என்று கேட்பீர்கள். சனிக்கிழமை இரவு கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கிறீர்களே, அந்த நேரம்தான். துடைப்பத்தை யாரிடம் கொடுக்கப்போகிறீர்கள் என்பதை மட்டும் இந்த வாரம் முடிவு செய்யுங்கள்.