வன்னியில் ஒரு சின்ன நீராவி ரயில் பாதை: முதல் வருசக் காசு எதற்குப் போக வேண்டும்?

கேள்வி இதுதான்: வேல்ஸ் நாட்டில் 1951-இல் தொண்டர்கள் டாலிலின் என்ற ஒடுக்கமான ரயில் பாதையை ஓட்டிக் காட்டியதுபோல, இலங்கையின் வன்னியிலும் ஒரு பழைய நீராவி ரயிலைச் சுற்றுலாவுக்கு ஓட்ட முடியுமா? முதல் வருசம் என்னென்ன வேலை? எஞ்சினை எங்கே வாங்கலாம்?

முடியும். எஞ்சின் கேள்வியை மட்டும் ஒரு வருசம் தள்ளி வையுங்கள். முதல் வருசக் காசு பாதைக்கும் தண்ணீருக்கும் போகட்டும். புலம்பெயர்ந்த உறவுகளிடம் கை நீட்டும்போது எஞ்சின் படம்தான் வேலை செய்யும், சல்லிக்கல் குவியலுக்கு ஒருவரும் காசு அனுப்ப மாட்டார்கள் என்பது தெரிந்ததே. அதற்காக எஞ்சினை முதலில் இறக்கினால், அது தகரக் கொட்டிலுக்குள் நின்று கறள் பிடிக்கும்.

டாலிலினையே பாருங்கள். தொண்டர்கள் பொறுப்பெடுத்து ஓட்டிய உலகின் முதல் ரயில் பாதை அது. சங்கம் 1950 ஒக்ரோபரில் உருவானது. 1951 மே 14-இல் முதல் ரயிலை விட்டபோது முழுப் பாதையிலும் விடவில்லை. டவின் வார்ஃப் நிலையத்திலிருந்து ரிடுரோனென் வரைக்கும் மட்டும்தான். ஒழுங்கான சேவை ஜூன் 4-இல் தொடங்கியது. ஓடக்கூடிய எஞ்சின் ஒன்றே ஒன்று, 1866-இல் செய்த டோல்கோக். அதுவும் பெரிய திருத்தவேலைக்குக் காத்திருந்த எஞ்சின். அதனால் மூடப்பட்டிருந்த கொரிஸ் பாதையின் இரண்டு எஞ்சின்களை அந்த வருசமே வாங்கினார்கள். இரண்டு பாதைக்கும் ஒரே அகலம், 2 அடி 3 அங்குலம். கடதாசியில் எல்லாம் சரி. கொண்டுவந்து ஓட்டினால் 3-ஆம் இலக்க எஞ்சின் அடிக்கடி தடம் புரண்டது. அளந்து பார்த்தபோது, தண்டவாளங்களுக்கிடையே இருக்க வேண்டியதைவிடக் கிட்டத்தட்ட 13 மில்லிமீற்றர் கூட. பழைய கம்பனி வேண்டுமென்றே அப்படிப் போட்டிருந்தது. அவர்களுடைய பழைய எஞ்சின்களுக்குச் சில்லின் மிதிப்பட்டை (தண்டவாளத்தில் உருளும் பகுதி) அகலம், அதனால் அவை விழாமல் ஓடின. புதிதாக வந்ததற்கு அந்த அகலம் இல்லை. பாதையைச் சரியான அகலத்துக்குத் திரும்பப் போட்ட பிறகுதான் பிரச்சினை தீர்ந்தது. 4-ஆம் இலக்கம் வந்தபோதே ஓடும் நிலையில் இல்லை, அடுத்த வருசம்தான் சேவைக்கு வந்தது.

இனி வன்னி. வவுனியாவிலிருந்து ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, ஆனையிறவு என்று போகும் வடபாதை 5 அடி 6 அங்குலப் பிரதான பாதை. 1990-இல் நின்றது. சண்டைக் காலத்தில் தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டையும் தண்டவாளமும் பங்கருக்குப் போயின. 2013-இல் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்ப ரயில் வந்தது, முழுக்கப் புதுப் பாதையில். ஆகவே "பழைய பாதை சும்மா கிடக்கிறது, எடுத்து ஓட்டலாம்" என்ற கதை இங்கே இல்லை. பிரதான பாதையில் நீராவி ரயில் விடுவதென்றால் அது புகையிரதத் திணைக்களத்தின் எஞ்சின், அவர்களுடைய சாரதி, அவர்களுடைய நேர அட்டவணை. தெற்கில் வைஸ்ராய் ஸ்பெசல் என்ற சுற்றுலா நீராவி ரயில் ஓடியது அந்த வழியில்தான். சொந்தமாகச் செய்வதென்றால் சொந்தக் காணியில் ஒடுக்கமான பாதைதான் வழி. இந்த நாட்டில் களனிவெளிப் பாதை 2 அடி 6 அங்குலத்தில், அதாவது 762 மில்லிமீற்றரில், பல காலம் ஓடியது. கீழே வரும் கணக்கெல்லாம் அந்த அகலத்துக்கு, முதல் வருசத்துக்கு ஒரே ஒரு கிலோமீற்றர் என்று வைத்துப் போட்டது.

காணி பார்க்கும்போது இரண்டு விடயம். ஒன்று, கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த நிலம் என்ற எழுத்து. வாய்ச்சொல் போதாது, ஏனென்றால் வடிகால் வெட்டும்போது உழவைவிட ஆழமாகப் போவீர்கள். மற்றது மண். ஓமந்தை, மாங்குளம் பக்கத்துச் செம்மண் நல்லது. முருங்கன் பக்கத்துக் கரிய களி, காங்கேசன்துறைச் சீமெந்துக்குப் போன அதே களி, ரயிலுக்கு ஆகாது. கோடையில் வெடிக்கும், மாரியில் ஊதும். அதன்மேல் சல்லியை நேரே கொட்டினால் ஒவ்வொரு சில்லு போகும்போதும் சேறு மேலே பொங்கிச் சல்லிக்குள் ஏறும். வேறு காணி கிடைக்காவிட்டால் சல்லிக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் மணல் படுக்கையாவது போடுங்கள்.

கிறவலைச் சல்லிக்குப் பதிலாகப் போடலாமா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார், மலிவு என்பதால். போட வேண்டாம். கிறவலில் களி இருக்கிறது, இறுகிப்போனால் தண்ணீர் இறங்காது. பாதையின் மண்கட்டுக்கு அடியில் பரப்பலாம். சிலிப்பரைச் சுற்றி உடைத்த கருங்கல்தான், ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் அளவு, முனை மழுங்காதது. 2.4 மீற்றர் அகலம், 25 சென்ரிமீற்றர் தடிப்பு என்றால் கிலோமீற்றருக்கு 600 கன மீற்றர். குவாரிக்காரர் கியூப்பில்தான் (ஒரு கியூப் 100 கன அடி) பேசுவார், அவருடைய கணக்கில் 212 கியூப் வரும். சிலிப்பரை 75 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக வைத்தால் 1,334 தேவை. பாலைக் கட்டை அருமையான சிலிப்பர், கறையான் இலேசில் தொடாது. ஆனால் காட்டு மரத்தை நினைக்கவே வேண்டாம். அனுமதியும் பற்றுச்சீட்டும் உள்ள மரம் கிடைத்தால் அதைப் பாதை பிரியும் பொயின்ற் வரும் இடங்களுக்கும் வளைவுகளுக்கும் ஒதுக்குங்கள். வளைவில் அகலத்தைச் சில மில்லிமீற்றர் கூட்ட வேண்டிவரும். மரத்தில் ஆணியை மாற்றி அடிக்கலாம், கொங்கிறீற்றில் அது நடவாது. நேர்ப் பாதைக்குக் கொங்கிறீற் சிலிப்பர் போதும். அச்சை இரும்பில் செய்யுங்கள். பலகை அச்சு இருபது முப்பது வார்ப்பில் விரியும், டாலிலினின் 13 மில்லிமீற்றர் உங்களுக்கும் வந்து சேரும்.

தண்டவாளம் மீற்றருக்கு 30 கிலோ நிறையில் எடுத்தால் ஒரு கிலோமீற்றருக்கு 60 தொன். பொருத்தும் நேரத்தைக் கவனியுங்கள். 12 மீற்றர் நீளத் தண்டவாளம் 30 பாகை சூடு ஏறினால் 4 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே நீளும். விடிய 30 பாகையில் பொருத்தினால் மூட்டுக்கு 4 மில்லிமீற்றர் இடைவெளி விட வேண்டும், ஏனென்றால் வைகாசி மத்தியானம் தண்டவாளம் 60 பாகையைத் தொடும். இடைவெளியில்லாமல் இறுக்கினால் முழுப் பாதையும் பக்கவாட்டில் நெளியும். மூட்டுக்குள் தகட்டுத் துண்டை வைத்து, இரண்டு தண்டவாளத்தையும் இணைக்கும் பிஷ்பிளேட்டை இறுக்கிவிட்டுப் பிறகு துண்டை எடுப்பதுதான் வழமை.

காலக்கணக்கு மாரியை வைத்துத்தான். மார்கழியில் காணியை நடந்து பாருங்கள், வெள்ளம் நிற்கும் இடம் தானாகத் தெரியும். மாசியில் மண்வேலை தொடங்கி, புரட்டாதிக்குள் சல்லியும் தண்டவாளமும் முடிய வேண்டும். பிறகு ஐப்பசி மழை முழுக்க அந்தப் பாதையில் பாரமான எதுவும் ஓடக்கூடாது. கட்டு ஒரு மாரியைத் தாங்கி, அமர வேண்டியது அமரட்டும். தை பிறந்ததும் தாழ்ந்த இடங்களைத் தூக்கிச் சல்லி இடித்துக் கெட்டியாக்கினால், அதற்குப் பிறகு எஞ்சினை ஏற்றலாம். மழைக்கு முன் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தால் இது எல்லாம் குழம்பும்.

தண்ணீர் இதைவிடப் பொல்லாதது. வன்னிக் கிணறுகளில் பெரும்பாலானவை உவர் அல்லது வன்தண்ணீர். வீட்டுக் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைதான் பொயிலருக்குள்ளும் படியும். அங்கே அது, சூடான புகை போகும் ரியூப்பையும் நெருப்பு எரியும் நெருப்புப்பெட்டியின் தகட்டையும் போர்த்துகிறது. தகட்டின் சூட்டைத் தண்ணீர் எடுக்க முடியாமல் போக, தகடு மிகையாகச் சூடேறி உப்பும், ரியூப் முனை கசியும், தகடுகளை இழுத்துப் பிடிக்கும் ஸ்ரே கம்பி முறியும். ஒரு கணக்கு. லீற்றருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள கிணறு. சின்ன எஞ்சின் ஒரு நாளில் 2,000 லீற்றரை ஆவியாக்குகிறது. அன்றைக்கே 800 கிராம் சுண்ணாம்பு உள்ளே தங்கிவிட்டது. பத்து நாள் ஓடினால் 8 கிலோ.

தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் மென்னாக்கி பூட்டினால் சரிதானே என்பார்கள். அது கல்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைக்கிறது. படிவு குறையும், கரைந்த உப்பு குறையாது. 1,000 லீற்றர் கொள்ளும் பொயிலருக்குள் லீற்றருக்கு 500 மில்லிகிராம் உப்புள்ள தண்ணீரைத் தொடர்ந்து விட்டால், 5,000 லீற்றர் ஆவியானதும் உள்ளே 3,000 ஆகியிருக்கும். நாளுக்கு 2,000 லீற்றர் என்றால் அது இரண்டரை நாள். அந்த அளவுக்குப் பிறகு தண்ணீர் நுரைத்து, நீராவியோடு சேர்ந்து சிலிண்டருக்குப் போகத் தொடங்கும். நீராவி அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்ரன் தண்ணீரை மூடியோடு நெரித்தால் சிலிண்டர் மூடி வெடிக்கும். ஆகவே மென்னாக்கி இருந்தாலும் பொயிலரின் அடித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஊருக்கு ஊர் இருக்கும் ஆர்.ஓ. (உப்பை வடிகட்டும்) நிலையத் தண்ணீர் பொயிலருக்கு நல்லதுதான். ஆனால் விலை கூட, உள்ளே விட்டதில் பெரும்பங்கு கழிவாகப் போகும், சனம் குடிக்கும் தண்ணீரை எஞ்சினுக்கு ஊற்றுவது ஊருக்குள் நல்ல பெயரும் எடுத்துத் தராது.

நல்ல வழி மேலிருந்து விழுகிறது. 30 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலத்தில் எஞ்சின் கொட்டில் கட்டுகிறீர்கள் என்றால் கூரை 300 சதுர மீற்றர். வருசத்துக்கு 1,200 மில்லிமீற்றர் மழை, ஐந்தில் ஒரு பங்கு வீண் என்று கழித்தாலும் 2,88,000 லீற்றர். நாளுக்கு 2,000 என்றால் 144 ஓட்ட நாள். சனி, ஞாயிறு மட்டும் ஓட்டினால் ஒரு வருசத்துக்கு மிஞ்சும். மழை ஐப்பசி முதல் தை வரை ஒரேயடியாக வருவதால் சேமிக்கும் தொட்டிதான் செலவு. 12 மீற்றருக்கு 8, ஆழம் 3 மீற்றர், மூடிய தொட்டி. அதனால்தான் கொட்டிலும் தொட்டியும் எஞ்சினுக்கு முந்தியவை. மழைத் தண்ணீரிலும் ஒரு சிக்கல்: கரைந்த ஒட்சிசன் இருக்கிறது, காரத்தன்மை இல்லை. சும்மா விட்டால் தகட்டில் குழி குழியாக அரிக்கும். பொயிலருக்குள் பி.எச். 10.5 முதல் 11.5 வரை நிற்கும்படி காரமும், ஒட்சிசனை எடுக்கச் சோடியம் சல்பைற்றோ ரனினோ சேர்க்க வேண்டும். ஒவ்வொரு ஓட்ட நாளும் அளந்து கொப்பியில் எழுதுங்கள்.

எஞ்சின் பார்க்கப் போகும்போது நிறத்தையும் பித்தளையையும் விட்டுவிட்டு, பொயிலரின் முன் முனையில் இருக்கும் புகைப்பெட்டிக்குள் தலையை விடுங்கள். முன் ரியூப் தகட்டின் கீழ்ப்பக்கம், ஈரச் சாம்பல் கிடந்த இடம், முதலில் மெலியும். அடுத்து நெருப்புப்பெட்டியின் அடி வளையத்து மூலைகள், கழுவு துவாரங்களைச் சுற்றிய இடங்கள். மீயொலி மானி வைத்து ஒரு சாணுக்கு ஒரு புள்ளியாகத் தடிப்பை அளந்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். அதற்குப் பிறகே அழுத்தச் சோதனை. வேலை அழுத்தம் 10 பார் என்றால் வழக்கமாக ஒன்றரை மடங்கு, 15 பார், குளிர்ந்த தண்ணீரில். காற்றால் ஒருபோதும் செய்யக்கூடாது. தண்ணீரில் வெடித்தால் கொஞ்சம் பீச்சி அடங்கும், காற்றில் வெடித்தால் ஆள் போகும். உள்ளூரில் பொயிலர் தெரிந்த கைகள் இல்லாமல் இல்லை, புழுங்கல் அரிசி மில்லுகளில் இருக்கிறார்கள். அவர்களைத்தான் முதலில் சேருங்கள். ஆனால் மில் பொயிலர் அசையாது. ஓடும் எஞ்சினில் பிறேக் பிடித்தாலே தண்ணீர் முன்னுக்கு ஓடும், கண்ணாடியில் தெரியும் மட்டம் ஏமாற்றும், நெருப்புப்பெட்டியின் கூரை மேலே தண்ணீர் இல்லாமல் வெளித்துவிடும். அந்தப் பழக்கம் வேறாகத்தான் வர வேண்டும்.

அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி: உமி எரிக்கலாமா? இல்லை. உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், மிகப் பாரம் குறைவு. எஞ்சினின் புகைபோக்கி இழுப்பில் பாதி எரியாமலே ரியூப் வழியாகப் பறக்கும். விறகு எரியும், ஆனால் நிலக்கரியின் பாதிச் சூடுதான் தரும், பொறியும் கூட. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் அடிக்கும் காலத்தில் ஒரு பொறி போதும், காடு பற்றிக்கொள்ளும். புகைப்பெட்டியில் பொறி தடுக்கும் வலை கட்டாயம், சாம்பல்தட்டுக் கதவு மூடியிருக்க வேண்டும். சோளகம் தென்மேற்கிலிருந்து வருவதால் பாதையின் வடகிழக்குப் பக்கம் பற்றையை அகலமாக வெட்டுங்கள். என்னைக் கேட்டால் இங்கே எண்ணெய் எரிப்பதுதான் உகந்தது. அதிலும் ஒரு குறை உண்டு: சுவாலையைச் சட்டென்று கூட்டிக் குறைத்தால் ரியூப் முனைகள் சுருங்கி விரிந்து கசியும். எண்ணெயோ நிலக்கரியோ, குளிர்ந்த பொயிலரை நாலைந்து மணித்தியாலத்துக்குக் குறையாமல் மெல்லச் சூடேற்றுங்கள்.

ஓட்டத்துக்குச் சுருக்கமாக: பாதையில் ஒரு நேரத்தில் ஒரு எஞ்சின்தான், பாதையில் போக உரிமை தரும் அடையாளக் கோல் கையில் இல்லாத சாரதி அசையக்கூடாது. ஆட்கள் ஏறும் ஒவ்வொரு பெட்டிக்கும், இணைப்பு அறுந்தால் தானாகப் பிடிக்கும் தொடர் பிறேக் வேண்டும். 1889-இல் அயர்லாந்தின் ஆர்மாவில் அது இல்லாத பெட்டிகள் பின்னுக்கு உருண்டு 80 பேர் செத்த பிறகுதான் பிரித்தானியாவில் சட்டமாகவே வந்தது. வேகம் மணிக்கு 15 கிலோமீற்றர். இடைத்தர பிறேக்கில், சாரதி சுதாரிக்க இரண்டு செக்கன் சேர்த்து, 26 மீற்றரில் நிற்கும். 25-இல் ஓட்டினால் 60 மீற்றர் தாண்டும். வடபாதையில் மாடு அடிபடுவது எல்லோருக்கும் தெரியும். மாரியில் நிலம் ஈரமாகக் கிடக்க, காய்ந்த இடம் என்று மாடு படுக்கத் தேடுவது ரயில் கட்டைத்தான், விசிலுக்கு எழும்பவும் எழும்பாது. கம்பி வேலிக்கான காசை முதல் வருசக் கணக்கிலேயே போடுங்கள், பொழுதுபட்ட பிறகு ஓட்டம் வேண்டாம்.