கேளுங்கள், சொல்கிறேன்: வடகடலில் திமிங்கிலம் பார்க்க

கேள்வி: மகள் நோர்வேயில் ட்ரொம்சோ நகரில் இருக்கிறாள். வரும் ஜூனில் என்னைக் கூப்பிட்டு, படகில் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகப் போகிறாளாம். எனக்கு 61 வயது, முழங்கால் நோவு. பஸ்ஸில் போனாலே சத்தி வரும். போகலாமா?
(ஒரு தாய், களுவாஞ்சிக்குடி)

பதில்: தாராளமாகப் போங்கள் அக்கா. 80களில் நம் பிள்ளைகள் பலர் நோர்வேயின் வடகோடியில் மீன் ஃபக்டரிகளில் வேலை செய்தார்கள், நானும் அவர்களில் ஒருவன். அந்தக் கடலின் குணம் தெரிந்துதான் சொல்கிறேன். முதலில் படகைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். ரப்பர் போட் அலைக்கு அலை தூக்கிப் போடும், உங்கள் முழங்காலுக்குச் சரிவராது. உள்ளே இருக்க அறையும் கழிப்பறையும் உள்ள பெரிய படகுதான் வேண்டும்.

ஜூனில் என்றால் ஆண்டெனெஸ் என்ற கரையோர ஊருக்குப் போகவேண்டும். கிறில்லெஃபியோர்ட் என்ற மீன்பிடி ஊரிலிருந்து அங்கே கோடையில் மட்டும் ஃபெரி ஓடுகிறது, காரையும் ஏற்றலாம். ஆண்டெனெஸில் கரையை விட்டுக் கொஞ்சம் போனாலே கடல் ஆயிரம் மீற்றருக்கு மேல் ஆழம். அந்தப் பள்ளத்தில் கணவாய் தேடி, பல்லுள்ள பெரிய இனமான ஸ்பேர்ம் திமிங்கிலங்கள் வருகின்றன. படகுக்காரர் தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிக் கேட்பார். கீழே அது டிக் டிக் என்று ஒலியெழுப்பி இரை தேடும். சத்தம் நின்றால் மேலே வரப்போகிறது.

வந்தால் பெரிய மரக்கட்டை ஒன்று மிதப்பதுபோல்தான் தெரியும். துள்ளிப் பாயும் என்று எதிர்பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள். மூக்குத்துளை தலையின் நுனியில் இடப்பக்கம் இருப்பதால், மூச்சு நேரே எழாமல் முன்னுக்கு இடப்பக்கமாய்ச் சாய்ந்து பீறிடும். பத்து நிமிடமளவில் அப்படியே மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும். அப்புறம் முதுகு வளையும், வால் முழுசாய் மேலே எழும்பும், தண்ணீர் வழிய வழிய உள்ளே போய்விடும். போன இடம் கொஞ்ச நேரம் அலையில்லாமல் வழுவழுவென்று கிடக்கும். மறுபடி வர முக்கால் மணித்தியாலம் ஆகலாம். துரத்தாமல் காத்து நிற்கிற படகுக்காரர்தான் என் கணக்கில் நல்ல படகுக்காரர்.

சத்திக்குளிசையைப் புறப்பட ஒரு மணித்தியாலம் முந்தியே போடுங்கள், சத்தி தொடங்கியபிறகு போட்டுப் பெரிய பலனில்லை. உங்களுக்கு ஒத்துவரும் குளிசையை டொக்டரிடம் கேட்டு இங்கிருந்தே கொண்டுபோங்கள். வெறும் வயிற்றோடு ஏறவேண்டாம். படகின் நடுப்பகுதியில் காற்றுப்பட இருந்து தொடுவானத்தைப் பாருங்கள், ஃபோனைப் பார்த்தால் தலை சுற்றும். சூரியன் மறையாத மாதம்தான், ஆனால் அந்தக் கடற்காற்றுக்குப் பக்கத்தில் நம் மார்கழிக் குளிர் நிற்காது. கம்பளித் தொப்பி, கையுறை, தடித்த மேஸ் எல்லாம் கட்டாயம். சேலை வேண்டாம்.

கேள்வி: நோர்வேக் கடலுக்கு வரும் ஸ்பேர்ம் திமிங்கிலங்கள் எல்லாம் ஆண்கள் என்று படித்தேன். அப்படியென்றால் பெண்கள் எங்கே?
(ஒரு மாணவர், அக்கரைப்பற்று)

பதில்: ஏறக்குறைய எல்லாமே ஆண்கள்தான் தம்பி. பெண்களும் குட்டிகளும் வெப்பமான கடல்களில் கூட்டமாக வாழும். ஆண்கள் வளர்ந்ததும் தாய்க்கூட்டத்தைப் பிரிந்து குளிர்க்கடலுக்குப் போகின்றன. குட்டிகளோடு திரியும் அப்படிப்பட்ட கூட்டங்களை நம் திருகோணமலைக் கடலிலேயே பார்க்கலாம். அங்கேயும் கரைக்குக் கிட்டவே ஆழமான பள்ளம் இருக்கிறது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை காலம், நீலத் திமிங்கிலமும் வரும். வெள்ளனப் புறப்படுங்கள், வெயில் ஏறினால் காற்றும் ஏறிவிடும். பல போட்கள் ஒரே திமிங்கிலத்தைச் சுற்றி வளைப்பது எனக்குப் பொறுக்காத விஷயம். தாயும் குட்டியும் நிற்கும்போது குறுக்கே போகவேண்டாம் என்று ஏறுமுன்பே பேசிக்கொள்ளுங்கள். லைஃப் ஜக்கெட் தராத போட்டில் காலே வைக்கவேண்டாம்.