ஜெபம் செய்தும் மனம் அடங்கவில்லையே, கிறிஸ்தவ விசுவாசத்தால் நிலையான சமாதானம் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் நீங்கள் நினைத்து வைத்திருக்கிற சமாதானம் அதுவாக இருக்காது. "ஜெபம் செய்தும்" என்று கேட்டிருக்கிறீர்களே, அதிலேயே தெரிகிறது: யாரோ உங்களிடம் "விசுவாசம் குறைவு" என்று சொல்லியிருக்கிறார்கள். என்னிடமும் சொன்னார்கள். அதனால்தான் எழுதுகிறேன். (மதம் மாற்றக் கிளம்பிவிட்டான் என்று வரப்போகிறவர்களுக்கு: நான் பிறந்ததே சிஎஸ்ஐ குடும்பத்தில். இது எங்கள் வீட்டுப் பேச்சு.)

2018-இல் தம்பிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். ஒன்பது லட்சம். எட்டே மாதத்தில் அவன் ஊரைவிட்டுப் போய்விட்டான், கடன் கொடுத்தவர்கள் என் வாசலுக்கு வந்தார்கள். தூக்கம் போனது. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து கதவு பூட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். படுப்பேன். மறுபடி எழுவேன்.

ஒரு மூன்று நாள் உபவாசக் கூட்டத்துக்குப் போனேன். கடைசி நாள் பந்தலில், மணலில் முழங்கால் போட்டு அழுதேன். அம்மா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. எழுந்தபோது உடம்பே லேசாக இருந்தது. சரி, கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் டீயைக் கையில் வாங்குகிறேன், ஃபைனான்ஸ்காரரிடமிருந்து போன். டம்ளர் ஆடி, டீ சட்டையெல்லாம். அந்தச் சமாதானத்தின் ஆயுள் நாற்பது நிமிஷம். கூட்டங்களைக் குறை சொல்லவில்லை, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அப்புறம் மெஞ்ஞானபுரம் பக்கம் பெரியம்மா வீட்டில் பத்து நாள் இருந்தேன். எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். வேதத்தில் இருக்கிற ஜெபப் பாட்டுகளான சங்கீதங்களில் தினம் ஒன்று, வரிசையாக. அன்றைக்கு 88, வாசித்தது நான். புலம்பலில் தொடங்குகிற சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று அப்படியே நின்றுவிடும். தொண்டை அடைத்துக்கொண்டது. "நாளைக்கு இத மாதிரி இல்லாம 91 வாசிப்போமா பெரியம்மா?" என்றேன்.

"ஏல, வரிசப்படிதான். நமக்குப் பிடிச்சத மட்டும் வாசிச்சா அது நம்ம பேச்சுல்லா" என்றாள், பாமாலைப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே.

அன்று தூங்கினேன். கவலை அப்படியேதான் இருந்தது. ஆனால் என்னைப்போல் ஒருவன் கத்தியது வேதத்துக்குள்ளேயே இருக்கிறது, அதை யாரும் வெட்டி எறியவில்லை என்பது என்னவோ செய்தது.

"என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன்" (யோவான் 14:27) என்று இயேசு சொன்னது, அவரைக் காவலர்கள் பிடித்துக்கொண்டுபோன ராத்திரியில். அதே ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்கிறார். ஒன்றுக்கும் கவலைப்படாதீர்கள் என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல் அப்போது காவலில் இருந்தார். அதே நிருபத்தில், தன் உடன் ஊழியன் எப்பாப்பிரோதீத்துவை அவர்களிடம் அனுப்பினால் தன் துக்கம் குறையும் என்றும் எழுதுகிறார். இவர்களுக்கும் விசுவாசம் குறைவா?

மாத்திரையும் சாப்பிட்டேன், மனநல மருத்துவர் சொல்லி. "ஜெபத்தை நம்பாமல் மாத்திரையா?" என்று கேட்ட சபைப் பெரியவர் தினமும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நான் முடங்கிக் கிடந்த ஏழு மாதமும் சபையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்க்கவில்லை. திருமண்டல (எங்கள் பகுதி சிஎஸ்ஐ சபைகளின் நிர்வாகம்) தேர்தல் வந்ததும் ஒரே வாரத்தில் இரண்டு அணிக்காரர்களும் வந்தார்கள். சங்கக் காணிக்கை (சபை உறுப்பினர் கட்டுகிற சந்தா) பாக்கி இருந்தால் ஓட்டு இல்லையாம், அதையும் தாங்களே கட்டுகிறோம் என்றார்கள். கடனைக் கட்டியிருந்தால் இரண்டு அணிக்குமே ஓட்டுப் போட்டிருப்பேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். கடன் இன்னும் இரண்டு லட்சம் இருக்கிறது. மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது. கதவை இப்போது ஒரு தடவைதான் தொட்டுப் பார்க்கிறேன். எங்கள் வீட்டிலும் எட்டு மணிக்கு ஒரு சங்கீதம், வரிசையாக. 119 வந்தால் மட்டும் பையன் தூங்கிவிடுவான் என்று நாலு நாளாகப் பிரித்துக்கொள்வோம். ஒரு சுற்று முடிய ஐந்து மாதம் ஆகிறது. 88 வருகிற அன்று, ஜெபம் முடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய்த் தம்பியின் பழைய நம்பருக்கு ஒருமுறை அடித்துப் பார்ப்பேன். போன தடவையும் ஸ்விட்ச் ஆஃப்.