இரவில் கிழியும் துடுப்புகள்: தொட்டிக் கெளுத்திகளின் இடச்சண்டை

கேள்வி: 4 அடி நீளமுள்ள 200 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் 8 டெட்ரா, 3 கொரிடோரஸ், 2 பிரிசில்நோஸ் பிளெக்கோ (இவ்விரண்டும் தரையோடு வாழும் கெளுத்தி வகைகள்), ‘தலைகீழ் கெளுத்தி’ என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு மீன் ஆகியவற்றை ஓராண்டாக வளர்க்கிறேன். சில வாரங்களாகக் காலையில் பார்த்தால் கொரிடோரஸ் மீன்களின் துடுப்புகள் கிழிந்திருக்கின்றன. பிளெக்கோக்கள் இரண்டும் ஒரே மரக்கட்டைக்காக மல்லுக்கு நிற்கின்றன. தீனியைக் கூட்டினால் சண்டை குறையுமா?

பதில்: குறையாது, தண்ணீர்தான் கெடும். கெளுத்திகள் பெரும்பாலும் பசிக்காகச் சண்டையிடுவதில்லை. பகலில் ஒடுங்கிக்கொள்ள ஒரு பொந்து வேண்டும், அந்தப் பொந்தைப் பிறர் நெருங்கக் கூடாது. சண்டை அதற்குத்தான்.

முதலில் அந்தத் ‘தலைகீழ்’ மீனை அளந்து பாருங்கள். உண்மையான தலைகீழ் கெளுத்தியான சினோடான்டிஸ் நைக்ரிவென்ட்ரிஸ் ஏறத்தாழ 10 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். மல்லாந்தே நீந்துவதால் அதன் முதுகைவிட வயிறு கருத்திருக்கும். உங்களுடையது 12 சென்டிமீட்டரைத் தாண்டி, முதுகுத் துடுப்பு இறகுபோல உயர்ந்து நிற்கிறது என்றால் அது சினோடான்டிஸ் யூப்டெரஸ். குஞ்சுப் பருவத்தில் இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் விற்பவரே ஏமாந்திருக்கலாம். யூப்டெரஸ் 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளரும், வளர வளரத் தரை முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும். கொரிடோரஸுக்கு அடிவிழுவது அதனிடமிருந்துதான் என்பது என் ஊகம். ஊகத்தை வைத்துத் தண்டனை கொடுக்காதீர்கள். விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றி, அரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து பாருங்கள். யார் துரத்துகிறார்கள், எந்த மூலையிலிருந்து கிளம்புகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

கிழிசல் எல்லாமே கடியால் வந்ததும் அல்ல. துடுப்பின் ஓரம் வெண்மையாக நைந்து போயிருந்தால் அது துடுப்பழுகல் நோயாக இருக்கலாம். கொரிடோரஸின் மீசை மட்டும் தேய்ந்திருந்தால் கூர்மையான சரளையையோ அடியில் தேங்கிய கழிவையோ சந்தேகப்படுங்கள். அவை அவ்வப்போது விர்ரென மேலே போய்க் காற்றை விழுங்கி வருவதைப் பார்த்துத் துரத்தப்படுவதாக எண்ண வேண்டாம், அது அவற்றின் இயல்பு.

குற்றவாளி யூப்டெரஸ்தான் என்றால் சமாதானம் செய்ய முயலாதீர்கள். இந்தத் தொட்டி அதற்கு என்றுமே போதாது. பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். ஆறு, குளத்தில் மட்டும் விட வேண்டாம். அப்படி விடப்பட்ட சக்கர் மீன்கள் (பெரிதாக வளரும் பிளெக்கோ வகைகள்) பல நாடுகளின் நீர்நிலைகளில் பெருகிப் பெரும் தொல்லையாகிவிட்டன. பிடிக்கும்போது வலையைத் தவிர்த்து, பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஓட்டிப் பிடியுங்கள். மிரண்ட கெளுத்தி துடுப்பு முட்களை விரித்துப் பூட்டிக்கொள்ளும், முள் வலைக்கண்ணில் மாட்டும். மாட்டிவிட்டால் மீனை இழுக்காமல் வலையை வெட்டுங்கள். வலை போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

பிளெக்கோக்களின் கதை வேறு. மூக்கின் மேல் புதர்போலக் கிளைத்த மீசை இரண்டுக்கும் இருந்தால் இரண்டும் ஆண்கள். பெண்ணுக்கு அது இருக்காது, அல்லது வாயோரத்தில் சிறிதாக இருக்கும். ஆண், பொந்தைப் பிடித்துக்கொண்டு பெண்ணுக்காகக் காத்திருக்கும். முட்டைகளைக் காப்பதும் அதுவே. ஒரே பொந்து இருந்தால் கன்னத்து முட்களை விறைத்துக்கொண்டு மோதத்தான் செய்யும். ஒரு முனை அடைத்த குழாய்த் துண்டுகள், கவிழ்த்த சிரட்டைகள் என ஐந்தாறு மறைவிடங்களையாவது வையுங்கள். எண்ணிக்கையைவிட இடம் முக்கியம்: ஒன்றின் வாசலிலிருந்து மற்றதன் வாசல் தெரியக் கூடாது. இடையில் கல்லோ அடர்ந்த செடியோ இருக்கட்டும். குழாய் மிகப் பெரிதாக இருந்தால் பிளெக்கோவுக்குப் பிடிக்காது. உடல் நெருக்கமாக நுழையும் அளவே போதும். வைக்கும் நாளில் பழைய கட்டையையும் இடம் மாற்றிவிடுங்கள். எல்லை அழிந்தால் பழைய உரிமையும் அழியும். இரண்டு வாரம் கழித்தும் ஒன்று மற்றதை ஒடுக்கினால் ஓர் ஆணை மாற்றிவிட்டுப் பெண்ணைச் சேர்க்கலாம். குஞ்சுகளைச் சமாளிக்கத் தயாராக இருங்கள்.

கொரிடோரஸ் கூட்டமாக வாழும் மீன். மூன்று போதாது, அதே இனத்தில் ஆறாக்குங்கள். ஆனால் முரடன் வெளியேறிய பிறகுதான்.

மூழ்கும் தீனியை விளக்கணைத்த பின் தொட்டியின் இரு கோடியிலும் போடுங்கள், அளவு இப்போதுள்ளதே போதும். காயம் ஆற இரண்டு நாளுக்கு ஒருமுறை 25 சதவீதத் தண்ணீரை மாற்றி வந்தாலே பெரும்பாலும் சரியாகும். உப்பையும் செம்பு கலந்த மருந்துகளையும் அள்ளிக் கொட்டாதீர்கள், கெளுத்திகள் அவற்றைத் தாங்குவதில் மற்ற மீன்களைவிடப் பலவீனமானவை. ஒரு வாரத்தில் கிழிசல் மூடத் தொடங்காவிட்டால் கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் அளவைச் சோதியுங்கள். இரண்டும் 0 காட்ட வேண்டும்.